ஒரு பவுண்டுக் கப்பல்

விலை ஒரு பவுண்டு. 2017-ல் நம் பணத்துக்கு மாற்றினால் எண்பத்துச் சொச்சம் ரூபாய்; சென்னையில் ஒரு அளவுச் சாப்பாடு. அந்தக் காசுக்கு லியோ கூல்டன் என்ற ஆங்கிலேயப் படகுத் தச்சர் 47 அடி நீளமுள்ள பாய்மரக் கப்பல் ஒன்றை வாங்கினார். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில், புரூக்கிங்ஸ் துறைமுகத்தின் கரையில், தார்ப்பாய் போர்த்தி ஆண்டுக்கணக்கில் கிடந்த கப்பல் அது. வாடகை கொடுக்க ஆளில்லை. உடைத்து அப்புறப்படுத்திவிடலாம் என்ற பேச்சு எழுந்தபோது, அந்தக் கப்பலை வடிவமைத்தவரின் பெயரில் இங்கிலாந்தில் இயங்கும் ஆர்வலர் சங்கம் ஒன்று தலையிட்டு அதைத் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டது. காப்பாற்றுகிறேன் என்று வருபவருக்குச் சும்மா கொடுத்துவிடத் தயாராக இருந்தது. சட்டப்படி ஒரு விலை வேண்டுமே என்பதற்காகத்தான் அந்த ஒரு பவுண்டு.

கப்பலின் பெயர் டாலி ஹோ. வடிவமைத்தவர் ஆல்பர்ட் ஸ்ட்ரேஞ்ச். ஓவியர், ஸ்கார்பரோ கலைப்பள்ளியின் தலைவர். சிறிய பாய்மரப் படகுகளுக்கு அவர் வரைந்த கோடுகளை இன்றும் படகுத் தச்சர்கள் எடுத்துவைத்துப் பார்க்கிறார்கள். இங்கிலாந்தின் தென்கரையில் உள்ள ஷோர்ஹாமில் ஸ்டோ அண்ட் சன் பட்டறையில் கட்டி முடித்து, 1910-ல் தண்ணீரில் இறக்கினார்கள். அப்போது அதற்குப் ‘பெட்டி’ என்று பெயர். கை மாறிக் கை மாறி, பெயரும் மாறி, ஸ்டால்பிரிட்ஜ் பிரபுவிடம் வந்தபோது டாலி ஹோ ஆயிற்று.

1927-ல் ஃபாஸ்ட்நெட் பந்தயம். இங்கிலாந்தின் தென்கரையிலிருந்து புறப்பட்டு, அயர்லாந்துக்குத் தெற்கே கடலில் நிற்கும் ஃபாஸ்ட்நெட் பாறையைச் சுற்றிக்கொண்டு பிளிமத் திரும்ப வேண்டும். அந்த ஆண்டு அடித்த புயலில் கலந்துகொண்ட படகுகள் ஒவ்வொன்றாகக் கரை ஒதுங்கின. இறுதிவரை ஓடியவை இரண்டே இரண்டு. முதலில் வந்து சேர்ந்தது ‘லா கொலேட்டா’ என்ற அமெரிக்கப் படகு. ஆனால் படகின் அளவுக்கேற்ப நேரத்தைக் கழித்துக் கணக்கிடும் விதிப்படி கோப்பை டாலி ஹோவுக்குப் போனது.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் சரிவு. பசிபிக் பக்கம் போய், 1960-களின் இறுதியில் குக் தீவுகளின் மனிஹிகி பவளப்பாறையில் ஏறியது. தீவு மக்கள் மீட்டுக் கொடுத்தார்கள். பிறகு மீன்பிடிப் படகாக உழைத்து, கடைசியில் புரூக்கிங்ஸ் கரையில் வந்து நின்றது.

மழைதான் எமன்

புயலையும் பவளப்பாறையையும் தாங்கிய கப்பல் துறைமுகத்துக் கரையில் சும்மா நிற்கும்போது எப்படிச் செத்தது? பழைய மரப்படகு வாங்க நினைக்கும் எவரும் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான்.

கடல் நீர் மரத்தைப் பெரும்பாலும் காப்பாற்றுகிறது. மரத்தை உளுக்கச் செய்வது பூஞ்சை. பூஞ்சைக்கு ஈரமும் காற்றும் வேண்டும், உப்பு ஆகாது. தண்ணீருக்குள் மூழ்கியிருக்கும் அடிப்பலகைக்குக் காற்று கிடைப்பதில்லை. (கப்பல் புழு என்ற வேறொரு எதிரி அங்கே உண்டு, அது தனிக் கதை.) மேல்தளத்தில் விழும் மழைநீரோ பலகை இடுக்கு வழியாக இறங்கி, தளமும் பக்கச் சுவரும் சேரும் மூலையில் தேங்கி, வெயில் படாத இடமாகப் பார்த்து உட்கார்ந்துவிடும். அதனால்தான் பழைய படகுகள் பெரும்பாலும் மேலிருந்து கீழாக அழுகுகின்றன. அந்தக் காலத்து நியூ இங்கிலாந்து கப்பல் தச்சர்கள் புதுக் கப்பலின் விலாக்கட்டைகளுக்கு இடையே கல்லுப்பைக் கொட்டி நிரப்பி அனுப்பினார்கள். மழைநீர் இறங்கினாலும் உப்புக் கரைசலாகத்தான் இறங்க வேண்டும் என்ற ஏற்பாடு.

தார்ப்பாய் போட்டு இறுக்கிக் கட்டினால் பாதுகாப்பு என்று நினைப்போம். காற்றோட்டம் இல்லாமல் மூடினால் உள்ளே புழுங்கும். பூஞ்சைக்கு வேறென்ன வேண்டும்?

இரண்டாவது நோய் இரும்பு. ஓக் மரத்தில் டேனின் என்ற துவர்ப்பு அமிலம் உண்டு. இரும்பு ஆணியை அது அரிக்கிறது. அரிபட்ட ஆணி துருவேறிப் பருத்து, தன்னைச் சுற்றியுள்ள மரத்தைக் கறுப்பாக்கிச் சோற்றுப் பதத்துக்குக் கொண்டுவருகிறது. மேலே அழகாகப் பெயின்ட் மின்னும். உள்ளே ஆணி ஒன்றையும் பிடித்துக்கொண்டிருக்காது. வாங்கப் போகிறவர் கையில் ஒரு மரச்சுத்தியலும் மழுங்கிய ஸ்குரூ டிரைவரும் போதும். தட்டினால் ‘டங்’ என்று கணீரென்று கேட்க வேண்டும்; ‘பொத்’ என்று கேட்டால் அங்கே குத்திப் பாருங்கள். மேல்தள ஓரம், பின்பக்க மூலைகள், முன்முனையில் நிற்கும் அணியத்துக் கட்டையும் அடியில் நீளவாக்கில் ஓடும் ஏராக்கட்டையும் சேரும் இடம், எஞ்சினுக்கு அடி. இந்த நாலு இடத்தில் தப்பித்த படகு மற்ற இடத்திலும் ஓரளவு தப்பித்திருக்கும்.

டாலி ஹோ எங்கும் தப்பவில்லை. லாரியில் ஏற்றி, வாஷிங்டன் மாநிலத்தின் சீக்விம் என்ற சிற்றூரில் ஒரு வீட்டு நிலத்துக்குக் கொண்டுவந்து முட்டுக்கொடுத்து நிறுத்தினார்கள். பிரித்துப் பார்க்கப் பார்க்க, இதை மாற்றினால் போதும் என்று போட்டிருந்த பட்டியல் நீண்டுகொண்டே போயிற்று. ஏராக்கட்டை புதிது. வங்குகள் எனப்படும் விலாக்கட்டைகள் புதிது. பக்கப் பலகை, மேல்தளம், பாய்மரம் என எல்லாமே புதிது. பழைய மரம் என்று எஞ்சியது மிகக் கொஞ்சம்.

அப்படியானால் அது பழைய கப்பலா, புதுக் கப்பலா?

புல்வெளியில் ஒரு படகு

இந்தக் கேள்விக்கு நூறாண்டுக்கு முன்பே ஒருவர் கையால் பதில் சொல்லியிருக்கிறார். ஜோஷுவா ஸ்லோகம். 1844-ல் கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் பிறந்தவர். பெரிய பாய்மரக் கப்பல்களுக்குக் கேப்டனாக இருந்தவர். நீராவிக் கப்பல்கள் வந்து பாய்மரத் தொழில் சாய்ந்தபோது நாற்பது வயதைத் தாண்டி வேலையில்லாமல் கரையில் நின்றார். 1892-ல் ஏபன் பியர்ஸ் என்ற பழைய திமிங்கில வேட்டைக் கேப்டன், மாசசூசெட்ஸின் ஃபேர்ஹேவனுக்கு வந்தால் உனக்கு ஒரு கப்பலே தருகிறேன், கொஞ்சம் மராமத்து மட்டும் பார்த்துக்கொள் என்றார்.

போய்ப் பார்த்தால், கடலைவிட்டுத் தள்ளி ஒரு புல்வெளியில், கித்தான் போர்த்தி, ஏழாண்டாக முட்டுக்கொடுத்து நின்றுகொண்டிருந்தது ஒரு பழைய சிப்பிப் படகு. பெயர் ஸ்ப்ரே. ஊர்க்காரர்கள் அதை ஒரு நகைச்சுவையாகத்தான் நினைத்திருந்தார்கள். இவர் கோடாலியை எடுத்துக்கொண்டு பக்கத்தில் நின்ற ஓக் மரத்தைச் சாய்த்து ஏராவுக்கு எடுத்ததும்தான் விஷயம் விளங்கியது. வேலையில்லாத பழைய கேப்டன்கள் ஒவ்வொருவராக வந்து நின்று வேடிக்கை பார்த்தார்கள், யோசனை சொன்னார்கள், இதில் காசு வருமா என்று கேட்டார்கள். வேலை நடக்கும் எந்த முற்றத்துக்கும் இந்தக் கூட்டம் தானாகவே வந்துவிடும் போலிருக்கிறது.

ஓக் கன்றுகளை வெட்டி, ஆவிப்பெட்டியில் வேகவைத்து, மரத்துண்டின் மேல் வளைத்து வங்குகள் செய்தார். பக்கப் பலகைக்கு ஒன்றரை அங்குல ஜார்ஜியா பைன். படகை ஒரேயடியாகப் பிரித்துப் போட்டுவிட்டுப் புதிதாகக் கட்டவில்லை. ஒன்றைக் கழற்றினார், அதே இடத்தில் அதே வளைவில் இன்னொன்றை வைத்தார், அப்புறம் அடுத்தது. பழையது எந்த இடத்தில் முடிந்து புதியது எங்கே பிறந்தது என்று சொல்வது கடினம் என்று பிறகு அவரே எழுதினார். ‘ஜேன்’ என்ற கப்பலைப் பழுதுபார்த்துப் பழுதுபார்த்து முழுதும் புதிதாக்கிவிட்டாலும் அது ஜேன்தான் என்ற கடல் சட்ட மரபையும் நினைவூட்டி, பெயரை மாற்றாமல் ஸ்ப்ரே என்றே வைத்துக்கொண்டார்.

செலவுக் கணக்கையும் சென்ட் வரை சொல்லியிருக்கிறார்: பொருள்களுக்கு 553 டாலர் 62 சென்ட்; பதின்மூன்று மாத உழைப்பு. காலண்டரில் அதைவிடக் கூடுதலாகவே ஆயிற்று. துறைமுகத்தில் திமிங்கிலக் கப்பல்களில் கிடைத்த சில்லறை வேலைக்குப் போய் அந்த வருமானத்தில் இந்த வேலையை ஓட்டினார். 36 அடி 9 அங்குல நீளமுள்ள அந்தப் படகில் 1895 ஏப்ரலில் பாஸ்டனிலிருந்து புறப்பட்டு, 1898 ஜூனில் திரும்பினார். உலகத்தைத் தன்னந்தனியாகப் பாய்மரப் படகில் சுற்றிவந்த முதல் மனிதர். வழியில் கீலிங் தீவில், புல்வெளி ஓக்கில் செய்த அணியத்துக் கட்டை ஒரு பவளத் திட்டை இரண்டாகப் பிளந்தது. கட்டைக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதை அவர் பெருமையாகவே எழுதுகிறார்.

லியோ கூல்டனும் டாலி ஹோவைத் தொடும் முன் சிறிய அளவில் இதைச் செய்து பார்த்தவர்தான். ‘லொரேமா’ என்ற சின்ன ஃபோக்போட் படகைச் சரிசெய்து அட்லாண்டிக்கைக் கடந்திருந்தார். ஸ்லோகம் பலகைக்கு ஜார்ஜியா பைன் எடுத்ததுபோல, இவர் விலாக்கட்டைக்கு ஜார்ஜியாவுக்கே போய் லைவ் ஓக் என்ற இரும்பு போன்ற மரத்தைத் தேடிப் பிடித்தார். அதன் கிளைகள் இயற்கையாகவே வளைந்து வளர்கின்றன. வளைந்த கட்டைக்கு வளைந்த மரத்தை எடுத்தால் மரநார் அறுபடாது, பலம் குறையாது. ஏராவுக்கு ஊதா நிறமுள்ள பர்பிள்ஹார்ட். இரும்பின் பாடம் தெரியுமாதலால், அடியில் வங்குகளையும் ஏராவையும் பிணைக்கும் துண்டுகளை வெண்கலத்தில் வார்த்துப் பூட்டினார்.

வடிவம் போனால் எல்லாம் போச்சு

வீட்டில் இந்த வேலையைத் தொடங்குபவர்கள் செய்யும் பெரிய தவறு, உற்சாகத்தில் அழுகியதையெல்லாம் முதல் மாதமே பிடுங்கிப் போடுவது. மரப்படகு தரையில் நிற்கும்போதே தன் எடையால் மெல்லத் தொய்கிறது. நடு மேலெழும்பும், இரு முனையும் கீழே இறங்கும். பலகையை உருவினால் அந்தத் தொய்வைத் தடுக்க ஒன்றும் இருக்காது. உருவிய மறுநாள் காலை அளவெடுத்தால் கிடைப்பது படகின் வடிவமே ஆகாது, தொய்வின் வடிவம்.

அதனால் முதல் வேலை கூரை. வெயிலும் மழையும் படாத கூரை இல்லையென்றால் நீங்கள் ஒரு பக்கம் சரிசெய்ய, மறுபக்கம் காய்ந்து வெடிக்கும். இரண்டாவது, முட்டுகளைச் சரிசெய்து படகைத் தன் பழைய வளைவுக்கு மெல்ல மெல்லத் திருப்புவது. ஜாக்கியை ஒரு நாளைக்குக் கால் சுற்று, அரைச் சுற்று திருப்பிவிட்டு விட்டுவிட வேண்டும். அவசரப்பட்டால் வங்கு முறியும். அதற்குப் பிறகுதான் அளவெடுத்தல். குறுக்கே சட்டம் அடித்து வடிவத்தைப் பூட்டிவிட்டு, ஒன்றுவிட்டு ஒன்றாக வங்குகளை மாற்றலாம். பலகையும் அப்படித்தான்; இரு பக்கமும் சமமாக, இடைவெளி விட்டு.

வங்கை நீராவியில் வளைப்பது வெளியாட்கள் பார்க்க ஆசைப்படும் வேலை. அங்குலக் கனத்துக்கு ஒரு மணி நேரம் என்பது தச்சர்களின் பழைய கணக்கு. பெட்டியைத் திறந்து எடுத்த நொடியிலிருந்து மரம் ஆறத் தொடங்கிவிடும். ஒரு நிமிடம்கூட முழுதாகக் கிடைக்காது. அதற்குள் இரண்டு மூன்று பேர் சேர்ந்து, தடித்த கையுறையோடு, இடத்தில் வைத்து வளைத்துப் பிடித்துக் கிளாம்ப் மாட்ட வேண்டும். சூளையில் உலர்த்திய மரம் இதற்கு ஆகாது, பட்டென்று முறியும். அண்மையில் வெட்டிய பச்சை ஓக்தான் வளையும். மரக்கடையில் கிடைப்பதோ பெரும்பாலும் சூளை மரம். வீட்டில் படகு சரிசெய்பவர்களின் பாதி நேரம் இந்த மரத்தைத் தேடுவதிலேயே போகிறது.

பலகை வேலை வேறு மாதிரி. படகின் பக்கத்தில் நேராக ஓடுவதுபோலத் தெரியும் பலகையைக் கழற்றித் தரையில் போட்டால், அது கோணல் மாணலாக இருக்கும். அந்தக் கோணலை மெல்லிய அட்டைப்பலகையில் காம்பஸ் வைத்துப் புள்ளி புள்ளியாக எடுத்து, புதுப் பலகைக்கு மாற்ற வேண்டும். ஒரு நூல் பிசகினால் இடுக்கு. முதல் பலகைக்கு ஒருவாரம் எடுத்தவர் பத்தாவது பலகையை ஒன்றரை நாளில் முடிப்பார். கடைசிப் பலகையை அடித்து முடித்ததும் வேலை செய்தவர்கள் எல்லோரும் விஸ்கி குடிப்பது மேலைநாட்டு மரபு. பலகைக்கும் ஒரு வாய் உண்டு.

பிறகு கலப்பத்து. தூத்துக்குடியில் தோணி கட்டும் கரைப்பக்கம் போனவர்களுக்கு அந்த ஓசை தெரிந்திருக்கும். பலகைகளுக்கு இடையே உள்ள இடுக்கில் பஞ்சுத் திரியை உளி வைத்துச் சுத்தியலால் அடித்து இறக்கி, மேலே மக்கு பூசுவது. மெதுவாக அடித்தால் ஒழுகும். ஓங்கி அடித்தால் பலகையே வங்கைவிட்டு நகரும். எந்த அளவுக்கு அடிக்க வேண்டும் என்பதை ஓடாவி எனப்படும் படகுத் தச்சர் சுத்தியலின் சத்தத்தில் தெரிந்துகொள்கிறார். எழுதிவைத்து இதைக் கற்க முடியாது. அனுபவசாலி ஒருவர் பக்கத்தில் நின்று இரண்டு நாள் அடித்துக் காட்டினால் வரும்.

இந்த இடத்தில் குறுக்கு வழி ஒன்று பலருக்குத் தோன்றும். பழைய பலகைக்கு மேலே முழுதும் ஃபைபர் கிளாஸும் இபாக்சியும் போர்த்திவிட்டால் ஒழுகாதே? ஒழுகாதுதான், சில ஆண்டுகளுக்கு. மரம் தண்ணீரில் உப்பும், காய்ந்தால் சுருங்கும். அதன்மேல் ஒட்டிய கண்ணாடி இழை அசையாது. ஒரு நாள் இரண்டும் பிரியும், இடையே நீர் புகும், வெளியேற வழியில்லாமல் உள்ளேயே மரத்தை உளுக்கும். ஒட்டு மரத்தில் புதிதாகக் கட்டும் படகுக்கு இபாக்சி அருமையான பொருள். பலகை அடித்த பழைய படகுக்கு அது சவப்பெட்டி என்றே நான் சொல்வேன்.

தண்ணீரில் இறக்கிய அன்று உள்ளே நீர் வரும். வராவிட்டால்தான் ஆச்சரியம். காய்ந்த பலகைகள் நீரைக் குடித்து உப்பி ஒன்றையொன்று நெருக்கும்வரை, சில நாள் பம்பு ஓடிக்கொண்டே இருக்கும்.

யார் பணம்?

கணக்குப் பார்த்தால் இது நடக்கவே கூடாத காரியம். படகின் நீளம் இரண்டு மடங்கானால் மரமும் உழைப்பும் ஏறத்தாழ எட்டு மடங்காகும். நீளத்தோடு அகலமும் ஆழமும் சேர்ந்து வளர்வதுதான் காரணம். முதல்முறை கை வைப்பவருக்கு இருபது அடிக்கு மேல் வேண்டாம் என்று அனுபவசாலிகள் சொல்வது அதனால்தான். சரிசெய்து முடித்த படகை விற்றால் போட்ட காசில் ஒரு பகுதிதான் திரும்பும். உழைப்புக்குக் கூலி என்ற பேச்சுக்கே இடமில்லை.

ஆனால் ஸ்லோகமும் கூல்டனும் பணத்துக்கு வழி கண்ட விதம் ஒன்றேதான். இருவரும் கதை சொன்னார்கள். ஸ்லோகம் பயணத்தின்போது பத்திரிகைகளுக்குக் கடிதம் எழுதினார், துறைமுகங்களில் இறங்கிச் சொற்பொழிவு ஆற்றினார், 1900-ல் புத்தகம் போட்டார். அந்தப் புத்தகம் இன்றுவரை விற்கிறது. கூல்டன் கேமராவை நிறுத்திவைத்து வேலை செய்தார். யூடியூபில் அவர் போட்ட படங்களைப் பார்த்தவர்கள் சிறுகச் சிறுகப் பணம் அனுப்பினார்கள். பல நாடுகளிலிருந்து தொண்டர்கள் வந்து தங்கி வேலை செய்துவிட்டுப் போனார்கள். பாஞ்சோ என்ற பஞ்சவர்ணக்கிளி படகின் மேல் உட்கார்ந்து கருவிகளைத் தூக்கிப் போட்டு விளையாடியது. அதற்கும் தனி ரசிகர் கூட்டம். வேலை பிறகு போர்ட் டவுன்செண்டுக்கு மாறியது. மரப்படகுத் தச்சர்களும் வார்ப்புப் பட்டறையும் பாய் தைப்பவர்களும் ஒரே இடத்தில் இருக்கும் ஊர் அது. 2024 ஏப்ரலில் டாலி ஹோ அங்கே மீண்டும் தண்ணீரைத் தொட்டது.

பழையதா புதியதா என்ற கேள்வி அன்றும் எழுந்தது. திருவாரூர் ஆழித்தேர் 1926-ல் எரிந்துபோய், பிறகு புதிதாகச் செய்யப்பட்டும், அது ஆழித்தேர் என்பதில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. அங்கே பெயரைக் காப்பது வழிபாடு. கப்பலுக்கு அந்தச் சலுகை இல்லை. கப்பலில் காப்பது வேலை நடந்த வரிசைதான் என்பது என் கட்சி. ஒரு வங்கு அழுகியிருந்தாலும், அதன் இடத்தில் வந்த புது வங்கு அந்தப் படகின் வளைவிலிருந்து அளவெடுத்து வந்தது. அதில் அடித்த பலகை அந்த வங்கோடு உரசிப் பார்த்து இழைத்தது. ஷோர்ஹாம் தச்சர் 1910-க்கு முன் இழைத்த வளைவு இப்படியே கை மாறி வந்திருக்கிறது. எல்லாவற்றையும் எரித்துவிட்டு வரைபடத்தை மட்டும் வைத்துக் கட்டியிருந்தால் அதை நகல் என்று சொல்லத் தயங்க மாட்டேன்.

இதன் மறுபக்கத்தையும் ஸ்லோகமே காட்டிவிட்டார். உலகப் பயணத்துக்குப் பின் ஸ்ப்ரேயை அவர் பழையபடி கவனிக்கவில்லை. கடைசிக் காலத்தில் பார்த்தவர்கள் கயிறும் தளமும் தளர்ந்திருந்ததாகச் சொன்னார்கள். 1909-ல் தெற்கே பயணம் கிளம்பியவர் திரும்பவில்லை. ஸ்ப்ரேயின் ஒரு பலகைகூடக் கிடைக்கவில்லை.

டாலி ஹோவின் ஃபாஸ்ட்நெட் வெற்றிக்கு 2027-ல் நூறாண்டு. அந்தப் பந்தயம் ஒற்றைப்படை ஆண்டுகளில் நடப்பதால், அந்த ஆண்டும் உண்டு. இடைப்பட்ட ஒவ்வொரு ஆண்டும் கப்பலைக் கரையேற்றி, அடிப்பக்கப் பாசியையும் சிப்பியையும் சுரண்டி, மக்கு உதிர்ந்த இடுக்குகளைப் பார்த்து, வார்னிஷ் உரிந்த இடத்தை இழைத்துப் பூசி, மறுபடி இறக்க வேண்டும். மழைக்காலத்தில் மேல்தள மூலைகளை விரலால் தடவிப் பார்க்க ஒரு ஆள் வேண்டும்.